சித்திரை பிறப்பதற்குள் வாய்ப் பராமரிப்பைப் புதுப்பிப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

தமிழ் நாள்காட்டியின்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில் மாதங்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் அம்மாதங்களில் நாம் காண்பதோ காலையில் கொளுத்தும் வெயிலும் மாலையில் இடியுடன் கூடிய மழையும்தான். ஆயினும் ஏப்ரல் 14க்கு முந்திய வாரத்தில் ஒட்டடை அடித்து, தரையைக் கழுவி, பழையதைக் கழித்து வீட்டைப் புதுப்பிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வாரத்திலேயே குளியலறை அலமாரியையும் நம் வாயையும் கவனித்துவிடலாம் என்பதே இந்த விளக்கத்தின் நோக்கம். இதுவரை காலையில் ஒரு முறை மட்டும் பல் துலக்கியவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். படிகள் அனைத்தையும் ஒரே நாளில் பழக்கிக்கொள்ள வேண்டியதில்லை. இரவில் துலக்கும் பழக்கம் ஒன்று நிலைத்துவிட்டாலும் அதுவே பெரிய மாற்றம்.

முதல் படி: பார்த்தல்

கைப்பேசி விளக்கை எரியவிட்டுக் கண்ணாடி முன் நின்று வாயை நன்றாகத் திறந்து பாருங்கள். கீழ் முன்பற்களின் உட்புறத்தில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கெட்டியாகப் படிந்திருப்பது காரை. உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அவ்விடத்திற்கு அருகிலேயே இருப்பதால், உமிழ்நீரிலுள்ள தாதுக்கள் பற்படலத்தில், அதாவது நுண்ணுயிர்கள் பல்லின்மேல் உண்டாக்கும் ஒட்டும் படலத்தில், சேர்ந்து அங்கே எளிதில் இறுகிவிடுகின்றன. ஈறு வெளிர்சிவப்பாகவும் பல்லோடு இறுக்கமாகவும் இருந்தால் நல்லது. சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம் கசிந்தால் அது ஈறு அழற்சியின் அடையாளம். இரத்தத்தைக் கண்டவுடன் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற பற்களை மட்டும் துலக்குவது பலருடைய வழக்கம். உண்மையில் அந்த இடத்தைத்தான் மென்மையாகவும் தவறாமலும் துலக்க வேண்டும். படலம் நீங்கினால் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் கசிவு குறைந்துவிடும்.

இரண்டாம் படி: கழித்தலும் வாங்குதலும்

தூரிகையின் இழைகள் விரிந்து வளைந்திருந்தால் அது படலத்தை எடுக்காது. எனவே மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறை பல்துலக்கியை மாற்ற வேண்டும். தேதியை நினைவில் வைப்பது கடினம் என்பவர்களுக்கு எளிய வழியொன்று உண்டு: பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, ஆடிப் பிறப்பு, தீபாவளி ஆகிய நான்கும் ஏறத்தாழ மூன்று மாத இடைவெளியில்தான் வருகின்றன. பண்டிகைச் சாமான் வாங்கும் பட்டியலில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பல்துலக்கி என்று எழுதிவிட்டால் போதும்.

வாங்கும்போது தலை சிறியதாகவும் இழை மென்மையாகவும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கடினமான இழை நன்றாகச் சுத்தம் செய்யும் என்ற எண்ணம் தவறானது. அது ஈற்றைத் தேய்த்துக் கீழிறக்கி, பல்லின் வேர்ப்பகுதியை வெளிப்படுத்திவிடும். பற்பசையில் விலையையோ விளம்பரத்தையோ பார்க்க வேண்டியதில்லை. ஃபுளோரைடு அளவு 1,000 முதல் 1,500 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) வரை உள்ளதா என்று குழாயின் பின்புறத்தில் பார்த்தால் போதும். கரித்தூள், உப்பு, செங்கல்பொடி ஆகியவை பல்லின் கடின மேலுறையான எனாமலை அராவக்கூடியவை. அவற்றில் ஃபுளோரைடும் இல்லை. வேப்பங்குச்சியைப் பழைய மரியாதைக்காக வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அதன் பிறகும் பற்பசை வேண்டும்.

மூன்றாம் படி: துலக்கும் முறை

பெரும்பாலோர் பிழை செய்வது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. தூரிகையைப் பல்லின்மேல் நேராக வைத்துக் குறுக்காக இழுப்பதை விடுத்து, ஈறும் பல்லும் சந்திக்கும் கோட்டில் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் இழைகள் பதியும்படி வையுங்கள். அழுத்தாமல், இரண்டு மூன்று பற்களின் அகலத்திற்குள் சிறு சிறு அசைவுகளாகப் பத்து முறை அசைத்த பிறகு, ஈற்றிலிருந்து பல்லின் நுனியை நோக்கித் தூரிகையைச் சுருட்டி எடுத்து, அடுத்த பற்களுக்கு நகருங்கள். பிடியை முட்டி மடக்கிப் பிடிப்பதைவிட எழுதுகோலைப் போல விரல்நுனிகளால் பிடித்தால் அழுத்தம் தானாகவே குறையும்.

வாயை மேல் வலம், மேல் இடம், கீழ் இடம், கீழ் வலம் என நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் கொடுத்தால் மொத்தம் இரண்டு நிமிடங்களாகும். ஒவ்வொரு பகுதியிலும் வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என்ற வரிசையை மாற்றாதீர்கள்; வரிசை மாறினால் ஏதாவது ஒரு பக்கம் விடுபட்டுவிடும். முன்பற்களின் உட்புறத்திற்குத் தூரிகையைச் செங்குத்தாக நிறுத்தி, நுனி இழைகளால் துலக்குங்கள். முடிந்ததும் நுரையைத் துப்பிவிடுங்கள், ஆனால் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காதீர்கள். முதலில் இது கூச்சமாகத்தான் இருக்கும். கொப்பளித்தால் ஃபுளோரைடு பெரும்பாலும் கழுவப்பட்டுப் பல்லில் தங்க நேரமில்லாமல் போய்விடும். வாய்கழுவி மருந்தையும் அதே காரணத்திற்காக வேறு நேரத்திற்கு ஒதுக்குங்கள்.

இரண்டு வேளைகளில் முக்கியமானது இரவு வேளை. உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கும்; பகலில் அமிலத்தை அலசிச் சமன்செய்யும் காவல் இரவில் பெரும்பாலும் இல்லை. படுக்கச் செல்லும் முன் துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வாய்க்குள் போகக்கூடாது. செம்பனை ஆலையில் இரவு முறை வேலை செய்பவர்களுக்கு, அவர்கள் பகலில் உறங்கப் போகும் நேரமே இரவு வேளை.

குழந்தைகளுக்கு மூன்று வயது வரை அரிசியளவு பற்பசையும், அதற்குப் பிறகு ஆறு வயது வரை பட்டாணி அளவும் போதும். ஏழெட்டு வயது ஆகும்வரை அவர்கள் துலக்கியபின் பெரியவர் ஒருவர் மறுபடி துலக்கிவிட வேண்டும். மைலோ ஊற்றிய புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கவிடுவது மேல் முன்பற்களை மிக விரைவில் அரித்துவிடும்.

நான்காம் படி: இடுக்கும் நாக்கும்

தூரிகை எட்டாத பல்லிடுக்குகளுக்கு நாளுக்கு ஒரு முறை, இரவில், இடுக்கு நூல் வேண்டும். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நூலை நடுவிரல்களில் சுற்றிக்கொண்டு, பல்லை அணைத்தவாறு வளைத்து, ஈற்றுக்குச் சற்று அடிவரை மேலும் கீழும் நகர்த்துங்கள். இடுக்கு அகலமாக உள்ளவர்களுக்கு மருந்தகத்தில் கிடைக்கும் சிறு இடுக்குத் தூரிகை எளிது. ஊசியும் தீக்குச்சியும் ஈற்றைக் குத்திப் புண்ணாக்கும். நாக்கு வழிப்பானைப் பின்னிருந்து முன்னாக இரண்டு மூன்று முறை இழுத்தால் போதுமானது.

ஐந்தாம் படி: தேநீரும் தண்ணீரும்

இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களில் பற்படலத்திலுள்ள நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அமில நிலையைக் காட்டும் pH எண் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் தாதுக்களை இழக்கத் தொடங்கும், பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இதனால் எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை முறை என்பதும் கணக்கில் வரும். காலையில் பசியாறும்போது ஒரு தே தாரேக்கை ஒரே மூச்சில் குடித்து முடிப்பவரைவிட, அதே அளவை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு காட்டில் மதியம் வரை சிறிது சிறிதாகக் குடிப்பவருடைய பல்லே அதிகம் சேதமடையும். கெட்டிப் பாலின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தேநீரை உணவோடு சேர்த்து முடித்துவிட்டு, பாட்டிலில் வெறும் தண்ணீரை எடுத்துச் செல்வது நல்ல ஏற்பாடு. புளித்த மாங்காயோ எலுமிச்சைச் சாறோ சாப்பிட்ட உடனே துலக்காமல், வாயைத் தண்ணீரால் அலசிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள்.

மலேசியாவில் பெரும்பாலான இடங்களில் குழாய்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.5 மில்லிகிராம் ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. கொதிக்கவைத்தால் அது போய்விடாது. ஆனால் கடைவீதிகளில் நாணயம் போட்டு நிரப்பிக்கொள்ளும் இயந்திரங்களின் தலைகீழ்ச் சவ்வூடு வடிகட்டல் (RO) ஃபுளோரைடில் பெரும்பகுதியையும் நீக்கிவிடும். ஆற்றுநீரையோ கிணற்றுநீரையோ நம்பியுள்ள லயங்களுக்கும் இந்தச் சேர்க்கை கிடைப்பதில்லை. அத்தகைய வீடுகளில் பற்பசையைத் தவறாமல் பயன்படுத்துவது இன்னும் அவசியமாகிறது.

ஆறாம் படி: வெற்றிலை போடுபவர்களுக்கு

புகையிலை சேர்த்தால்தான் கெடுதல், வெறும் பாக்கும் சுண்ணாம்பும் செரிமானத்துக்கு நல்லது என்று சொல்லும் பாட்டிமார் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவை 2004ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டில், பாக்கே மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. விடுவதே சிறந்தது; அது ஒரே வாரத்தில் நடக்காது என்பதும் உண்மைதான், எனவே முதலில் உறங்கும்போது அடக்கி வைத்திருக்கும் பழக்கத்தையாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

மாதம் ஒரு முறை வெற்றிலையை அடக்கும் கன்னப்பகுதி, நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடி, உதட்டின் உட்புறம் ஆகியவற்றை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், கட்டி, வாய் முன்புபோல் அகலத் திறக்க முடியாமை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், வலி இல்லை என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. செயற்கைப் பல் அணிந்திருப்பவர்களும் இந்தப் பரிசோதனையை விடக்கூடாது. அவர்கள் இரவில் பல்செட்டைக் கழற்றித் துலக்கி, வெந்நீரில் அல்லாமல் சாதாரண நீரில் போட்டு வைக்க வேண்டும்.

ஏழாம் படி: பல் மருத்துவர்

காரை இறுகிய பிறகு எந்தத் தூரிகையாலும் அதை எடுக்க முடியாது. காரை எடுத்தால் பல் ஆடிவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. இடுக்கில் நிறைந்திருந்த காரை போனபின் ஏற்படும் வெற்றிட உணர்வே அந்த எண்ணத்திற்குக் காரணம். பல்லை உண்மையில் ஆட்டுவது, காரையின் அடியில் எலும்பைக் கரைக்கும் ஈறு நோய். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைவாக முற்றும், ஈறு நோய் முற்றினால் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். எனவே அவர்கள் பல் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது.

அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. முன்பதிவுக்கு நேரில் சென்று கேட்கலாம், தொலைபேசியிலும் அழைக்கலாம். செல்லும்போது நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் உறைகளை எடுத்துச் செல்லுங்கள். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து எடுப்பவராயின் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் வழக்கம்போல் சாப்பிட்டு, மருந்தும் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். கருவுற்ற பெண்களும் தங்கள் நிலையை மருத்துவரிடம் தெரிவித்துப் பரிசோதனை செய்துகொள்ளலாம். தமிழ்ப்பள்ளிக்குப் பல் மருத்துவக் குழு வரும்போது பிள்ளைகள் கொண்டுவரும் ஒப்புதல் படிவத்தைப் புத்தகப் பைக்குள்ளேயே விட்டுவிடாமல், அன்று மாலையே படித்துக் கையொப்பமிட்டு அனுப்பிவையுங்கள்.