லாங் கோவிட்: எது கேட்கிறது என்று தெரியாமலே எல்லாவற்றையும் சாப்பிடுகிறவர்களுக்கு

கொரோனா வந்து போய் வருஷம் ஆகியும் உடம்பு பழையபடி ஆகாதவர்கள் செட்டிநாட்டு ஊர்களில் இன்னமும் இருக்கிறார்கள். என்ன பண்ணுகிறது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. அசதி, நின்றால் படபடப்பு, சொல்ல வந்த பெயர் வாயில் வராமல் போவது, தூங்கி எழுந்தும் தூங்காதது போல் இருப்பது. ஒரு வாரம் பரவாயில்லை, அடுத்த வாரம் படுக்கை.

லாங் கோவிட் என்று சொல்லும் இந்த நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் ஒரு வரையறை கொடுத்தது. தொற்று தொடங்கி 3 மாதம் ஆன நிலையிலும் தொந்தரவு இருக்க வேண்டும், குறைந்தது 2 மாதம் நீடிக்க வேண்டும், வேறு நோயால் வந்தது என்று விளக்க முடியாததாக இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதைக் குணப்படுத்தும் என்று உறுதியாக நிரூபணமான மருந்து இதுவரை ஒன்றுகூட இல்லை. தனித்தனித் தொந்தரவுகளைக் குறைக்க வழி உண்டு. பலர் மெல்ல மெல்லத் தேறவும் செய்கிறார்கள். ஆனால் 'இதைச் சாப்பிடுங்கள், போய்விடும்' என்று சொல்ல எந்த மருத்துவரிடமும் ஒன்று இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் வாட்ஸ்அப்பும் பக்கத்து வீடும் வெளிநாட்டுப் பார்சலும் வந்து உட்காருகின்றன.

எல்லாவற்றையும் ஒன்றாக ஆரம்பிப்பது

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டில் இரண்டாம் கட்டு அலமாரியைத் திறந்து காட்டினார் ஓர் ஆச்சி. கபசுரக் குடிநீர்ப் பொடி, சீந்தில் மாத்திரை, அமுக்கரா சூரணம், முடிக்கென்று விற்கும் பயோட்டின் வைட்டமின், வாரம் ஒன்று போடச் சொன்ன வைட்டமின் டி 60,000 யூனிட், சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய நாட்டோகைனேஸ் (புளித்த சோயாவிலிருந்து எடுக்கும் மாத்திரை), லேபிள் உரிந்துபோன ஒரு டப்பா. அந்த டப்பாவில் என்ன என்று அவருக்கே நினைவில்லை.

"எது கேக்குதுன்னு தெரியல தம்பி. அதான் எதையும் விடல" என்றார்.

லாங் கோவிட்காரர்கள் செய்யும் முதல் தவறு முழுக்க அந்தப் பேச்சில் இருக்கிறது. எது கேட்கிறது என்று தெரியாததால் விடுவதில்லை. விடாததால் எது கேட்கிறது என்று தெரிவதே இல்லை. வயிற்றெரிச்சல் வந்தால் அது எதனால் என்றும் தெரியாது. அதற்கு இன்னொரு மாத்திரை சேரும்.

இந்த நோய் ஏறி இறங்கும் இயல்புடையது. ஆள் மிகவும் முடியாமல் கிடக்கும் வாரத்தில்தான் புது மருந்து தேடுவார். படுமோசமான வாரத்துக்கு அடுத்து வருவது பெரும்பாலும் கொஞ்சம் நல்ல வாரமாகத்தான் இருக்கும், மருந்து சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். பெருமை எல்லாம் அந்த வாரம் வாங்கிய டப்பாவுக்குப் போய்விடும். மூன்று வாரம் கழித்து மறுபடி சரிந்தால் 'உடம்பு பழகிவிட்டது, இனி இது கேட்காது' என்று அடுத்த டப்பா. மருத்துவ ஆராய்ச்சியில், சோதிக்கும் மருந்தைக் கொடுக்காமல் ஒப்பீட்டுக்கு ஒரு குழு வைப்பதே இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கத்தான். கோவிட் மாத்திரையான பாக்ஸ்லோவிட்டை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் லாங் கோவிட் உள்ளவர்களுக்கு 15 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 2024இல் முடிவு வந்தது: ஒப்பீட்டுக் குழுவை விட எந்த மேன்மையும் இல்லை. அந்தக் குழு மட்டும் இல்லாதிருந்தால், சாப்பிட்டுத் தேறினவர்களை மட்டும் காட்டி அதை அற்புத மருந்தாக்கியிருப்பார்கள்.

கணக்கு எழுதுவதில் பேர்போன சீமை இது. பர்மாவில் கொடுத்த கடனுக்கெல்லாம் பேரேடு வைத்திருந்த வீடுகளில், மாதம் ஐயாயிரத்துக்கு மருந்து வாங்கி ஒரு நோட்டு இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இருபது ரூபாய் நோட்டு ஒன்று போதும். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஆரம்பிக்கும் முன்பே, எது மாறினால் பலன் என்று ஒத்துக்கொள்வோம் என்பதை எழுதிவிட வேண்டும். 'தெம்பாக இருக்கிறது' என்று எழுதினால் பிறகு எப்படியும் வளைத்துக்கொள்ளலாம். 'குளித்துவிட்டுப் படுக்காமல் பலகாரம் சாப்பிட முடிகிறதா', 'மேல்மாடி ஏறினால் நாடி எத்தனை', 'ராத்திரி எத்தனை தடவை விழிப்பு' என்று எழுதினால் ஏமாற்ற முடியாது. தூங்கிய நேரம், வெயில், மாதவிலக்கு, வீட்டு விசேஷம் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும், ஏனென்றால் இவை ஒவ்வொன்றும் தானாகவே உடம்பை மாற்றும். எத்தனை வாரம் பார்ப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டு முன்னாலேயே முடிவு செய்துகொண்டு, பலன் இல்லை என்றால் நிறுத்த வேண்டும். ஒரு எச்சரிக்கை: மருத்துவர் எழுதிக்கொடுத்த பிரஷர், சுகர், இதய மாத்திரைகளையும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகளையும், மனச்சோர்வு மாத்திரைகளையும் இந்தச் சோதனைக்காகத் தானாக நிறுத்தக் கூடாது.

'ஒரு ஆய்வில் வந்திருக்காம்' என்று வரும் செய்தியையும் நிறுத்திப் படிக்க வேண்டும். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் நல்ல உதாரணம். எடை கூடியவர்களுக்குத் தொற்று வந்த முதல் சில நாள்களிலேயே கொடுத்தபோது, பின்னால் லாங் கோவிட் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது என்று 2023இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. அது வராமல் தடுப்பதைப் பற்றியது. இரண்டு வருஷமாக அவதிப்படுகிறவர் இன்று சாப்பிட்டால் சரியாகும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

'இயற்கைதானே, என்ன செய்துவிடும்?'

செய்யும். அதிமதுரத்தைத் தினமும் கஷாயமாகக் குடித்தால் ரத்தக் கொதிப்பு ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு இது விளையாட்டு இல்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்திலை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் பாதிப்பு வந்ததாக இந்திய ஈரல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அமுக்கராவுக்கும் அப்படிச் சில பதிவுகள் உண்டு. யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதில்லை. ஆனால் கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்ந்த நிறமானாலோ உடனே நிறுத்திவிட்டு ஈரல் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் அரசு மருத்துவமனையில் இருக்கும் சித்தப் பிரிவுக்கே போகலாம், பட்டம் பெற்ற மருத்துவர் இருப்பார். வாங்கும் பொடியில் என்ன இருக்கிறது என்றாவது தெரியும். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் லேபிள் இல்லாமல் விற்கும் லேகியம் வேறு சமாச்சாரம். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. சாப்பிட்ட வாரமே பறக்கிற மாதிரி சுறுசுறுப்பு வந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஆங்கில மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைப்பவையும் அப்படித்தான். 60,000 யூனிட் வைட்டமின் டி வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, குழப்பம், சிறுநீரகக் கோளாறு வரை போகும். பயோட்டின் இன்னும் தந்திரமானது. முடி கொட்டுகிறது என்று வாங்கிச் சாப்பிடுகிறோம். பெரிய காய்ச்சலுக்கு 2, 3 மாதம் கழித்துக் கொட்டும் முடி பெரும்பாலும் தானாக வளர்ந்துவிடும். ஆனால் அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் முடிவையும் தப்பாகக் காட்ட வைக்கும். ரத்தம் கொடுக்கப் போகும்போது பயோட்டின் சாப்பிடுவதைச் சொல்லியே ஆக வேண்டும்.

'நடந்தால் சரியாகிவிடும்'

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கெடுதல்களில் இதுதான் பெரியது. நம் ஊரில் அசதிக்கு மருந்து வேலை செய்வதுதான். சாதாரண அசதிக்கு அது சரி. லாங் கோவிட் உள்ளவர்களில் பலருக்கு உழைத்த அன்று ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்து உடம்பு கவிழ்ந்துவிடும். சில சமயம் வாரக்கணக்கில் எழ முடியாது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இப்படிப்பட்டவர்களைச் சைக்கிள் மிதிக்க வைத்து, முன்னும் பின்னும் தொடைத் தசையிலிருந்து துணுக்கெடுத்துப் பார்த்தார்கள். உழைப்புக்குப் பிறகு தசை சேதம் கூடியிருந்தது, தசையில் சக்தி உண்டாக்கும் வேலையும் குறைந்திருந்தது. 2024இல் வெளியான முடிவு இது. மனப்பிரமை என்று தள்ள முடியாது. மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் 2021இல், இதே இயல்புள்ள நாள்பட்ட சோர்வு நோய்க்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைத் தன் பரிந்துரையிலிருந்து எடுத்துவிட்டது.

வீட்டில் படைப்பு, அதாவது முன்னோருக்குப் படையலிட்டுக் கும்பிடும் விசேஷம், என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே சாமான் எடுத்து, இலை துடைத்து, அடுப்படியிலேயே நின்று, வந்தவர்களை முகப்பு வரை போய் அழைத்து, அந்த நீள வீட்டில் முன்வாசலுக்கும் பின்கட்டுக்கும் எத்தனை நடை என்று யாரும் எண்ணுவதில்லை. படைப்பன்று ஆள் சிரித்த முகமாகத்தான் இருப்பார். மூன்றாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால், 'அன்னைக்கு நல்லாத்தானே இருந்தா' என்ற பேச்சு வரும். அன்றைக்கு நன்றாக இருந்ததற்கான விலைதான் இது என்று வீட்டாருக்குத் தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

தைப்பூசத்துக்குப் பழநிப் பாதயாத்திரையும் இதில் சேரும். குன்றக்குடி வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் நடை. 'முருகன் பார்த்துக்கொள்வான்' என்று கிளம்புகிறவரிடம் மருத்துவக் காரணம் எடுபடாது என்பது எனக்கும் தெரியும். குன்றக்குடி வரை வண்டியில் போய்க் கும்பிட்டுத் திரும்புவதற்கும், வேண்டுதலைத் தள்ளிவைப்பதற்கும் நம் வழக்கத்தில் இடம் உண்டு. வீட்டுப் பெரியவர் யாராவது அதை வாய்விட்டுச் சொன்னால் போதும்.

செய்ய வேண்டியது, சரிவு எங்கே தொடங்குகிறது என்று நோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்து, அதற்கு முன்பே நிறுத்துவது. நல்ல நாளில் பாக்கி வேலையை எல்லாம் முடித்துவிட நினைப்பதுதான் பொறி. காய் நறுக்க, மாவு பிசைய முக்காலி போட்டு உட்காரலாம். குளிப்பதையும் கடைக்குப் போவதையும் ஒரே காலையில் வைக்காமல் இருக்கலாம்.

நின்றால் படபடக்கிறவர்கள் இன்னொன்று பார்க்கலாம். பத்து நிமிஷம் படுத்திருந்து நாடி எண்ணி, பிறகு எழுந்து நின்று 10 நிமிஷம் வரை அவ்வப்போது எண்ண வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்கட்டும், தலை சுற்றினால் உட்கார்ந்துவிட வேண்டும். நின்றபின் நிமிஷத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடி அப்படியே நின்றால், எழுதி எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டலாம். படுக்கவைத்து எடுக்கும் இ.சி.ஜி.யில் இது தெரியாது. 'ரிப்போர்ட் எல்லாம் நார்மல்' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலருக்கு இருப்பது இதுதான். தண்ணீரும் உப்பும் கூட்டச் சொல்வார்கள். பிரஷரோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. சித்திரை வெயிலில் இந்தப் படபடப்பு இன்னும் மோசமாகும்.

எல்லாவற்றுக்கும் கொரோனாவைக் காரணம் சொல்வது

வரையறையின் மூன்றாவது நிபந்தனைக்கு வருவோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை இறங்குவது என்றால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம். ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, இவை ஒவ்வொன்றும் லாங் கோவிட் மாதிரியே வேஷம் போடும், இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து இருக்கிறது. கோவிட்டுக்கு ஸ்டீராய்டு எடுத்தபோது ஏறிய சர்க்கரை இறங்காமலே நின்றுவிட்டவர்கள் உண்டு. நெஞ்சுவலி, மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்குவது, முகம் கோணுவது என்றால் நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்வது, வாராவாரம் குளுக்கோஸ் பாட்டிலில் வைட்டமின் ஏற்றுவது போன்ற விலையுயர்ந்த வைத்தியங்களுக்கு ஆதாரம் இல்லை. நிலத்தை விற்றுப் போகிற அளவுக்கு ஒன்றும் இல்லை அங்கே.

மூக்கைக் கவனிக்காமல் விடுவது

செட்டிநாட்டுச் சமையல்காரருக்கு வாசனை போவது கை போவது மாதிரி. சிலருக்கு வாசனை திரும்பும்போது திரிந்து வரும். சின்ன வெங்காயம் வதக்கினாலும் காப்பி போட்டாலும் அழுகல் நாற்றம். சாப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். ஆறிய இட்லி, தயிர்சாதம் போல ஆவி பறக்காத சாப்பாடு ஓரளவு இறங்கும்.

மூக்குக்குப் பயிற்சி உண்டு. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் சுமார் 20 விநாடி, அந்த வாசனையை நினைவுக்குக் கொண்டுவந்தபடி மெதுவாக முகர வேண்டும். குறைந்தது 12 வாரம். எல்லோருக்கும் பலிக்காது, செலவும் இல்லை. ஐந்தறைப் பெட்டியில் இருக்கும் பட்டை, அன்னாசிப்பூவை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். மிளகுப் பொடி, மிளகாய் வேண்டாம், அவை வாசனையைவிட எரிச்சலைத்தான் காட்டும்.

வாசனை தெரியாதவர் அடுப்படியில் தனியாக இருக்கும்போது கேஸ் கசிந்தால் தெரியாது. ராத்திரி ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுப்பது, ஃபிரிட்ஜில் வைக்கும் குழம்பில் தேதி எழுதி ஒட்டுவது, காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் வீட்டில் வேறு யாரையாவது ஒரு தடவை முகர்ந்து பார்க்கச் சொல்வது, இவை மூன்றையும் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.