பழைய வானிலைச் செயற்கைக்கோள் படங்களை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட டைரோஸ்-1 என்ற வானிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 78 நாட்களே இயங்கியது. 1964 ஆகஸ்ட் 28 அன்று ஏவப்பட்ட நிம்பஸ்-1 ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. அந்த நாட்களின் மேகங்களையும் கடற்பனியையும் மறுபடி படமெடுக்க முடியாது. ஆகவே, படச்சுருளிலும் காந்த நாடாவிலும் எஞ்சியிருப்பதை இலக்கமுறைக்கு மாற்றுவோர் முதலில் கைவிட வேண்டியது, படத்தை அழகாக்கும் ஆசையைத்தான்.

விடிகான் (படத்தை மின்னணுக் கற்றையால் வருடிப் படிக்கும் பழைய தொலைக்காட்சிக் குழாய்) கேமராப் படங்களில் தெரியும் சிறு சிலுவைக் குறிகளைக் கறை என்று கருதி அழித்துவிடுகிறார்கள். அவை கேமராவின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டவை. அவற்றின் சரியான இடங்கள் முன்பே தெரியும் என்பதால்தான், மின்னணுக் கற்றையின் கோளாறால் வளைந்துபோன படத்தை நேராக்க முடிகிறது. ஓரத்தில் வெண்மையிலிருந்து கருமை வரை படிப்படியாக மாறும் சாம்பல் நிறக் கட்டங்கள் இருந்தால் அவற்றை வெட்டுவதும் இதே போன்ற இழப்பு: ஒளிர்வை ஒப்பிட வேறு அளவுகோல் இராது. ஓரங்கள் முழுவதும் அடங்க, 16 பிட் ஆழத்தில், தரவு இழப்பற்ற கோப்பாக ஸ்கேன் செய்துவிட்டு, கூர்மையூட்டலையும் இரைச்சல் நீக்கத்தையும் நகலில் மட்டுமே செய்ய வேண்டும்.

சுருளின் டப்பாவையும் கையெழுத்துக் குறிப்புகளையும் பிரித்து எறிவது அடுத்த தவறு. சுற்று எண்ணும் (செயற்கைக்கோள் பூமியைச் சுற்றிய எத்தனையாவது சுற்று என்பது) உலகப் பொது நேரமும் இல்லாத படத்தை வரைபடத்தில் பொருத்துவது கடினம்; நேரத்தில் ஒரு நிமிடம் பிசகினால் இடம் சுமார் 400 கிலோமீட்டர் தள்ளிப்போகும். எல்லாப் படங்களுக்கும் ஒரே உயரத்தைக் கொள்வதும் கூடாது. ராக்கெட்டின் இரண்டாம் நிலை முன்னதாகவே நின்றதால் நிம்பஸ்-1 நீள்வட்டப் பாதையில் சிக்கி, சுமார் 430 முதல் 930 கிலோமீட்டர் வரை ஏறி இறங்கியது; அதன் படங்களின் அளவும் அதற்கேற்ப மாறும்.

ஒட்டும் தன்மை வந்துவிட்ட காந்த நாடாவைச் சோதிக்காமல் ஓட்டினால், தகவல் தாங்கிய பூச்சே உரிந்துவிடலாம்.

மேகம் மூடிய படங்களைப் பயனற்றவை என்று ஒதுக்குவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அடுத்தடுத்த நாட்களின் படங்களை ஒப்பிட்டால் மேகம் நகர்ந்திருக்கும். பனி விளிம்பு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். நிம்பஸ்-1 எடுத்த படங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், 1964 செப்டம்பரில் அண்டார்டிக் கடற்பனி ஏறத்தாழ 1.97 கோடி சதுர கிலோமீட்டர் பரவியிருந்ததாக 2013-இல் வெளியிட்டனர். கடற்பனியின் தொடர்ச்சியான செயற்கைக்கோள் பதிவு தொடங்குவது 1970-களின் இறுதியில்தான்.