டங்ஸ்டன் பூச்சில் கோட்டை விடும் இடங்கள்

அணு ராக்கெட்டுக்கான செர்மெட் எரிபொருளில் (உலோகத்துக்குள் பீங்கான் வகைத் துகள்கள் பதிந்த கலவை), யுரேனியம் டைஆக்சைடு துகள் ஒவ்வொன்றுக்கும் முதலில் டங்ஸ்டன் சட்டை போட்டு, பிறகு அழுத்துவதே நல்லது. இரண்டு பொடிகளையும் சும்மா கலந்தால் ஆக்சைடும் ஆக்சைடும் தொட்டுக்கொள்ளும். சுமார் 2,500 டிகிரியில் உந்துபொருளாக ஓடும் ஹைட்ரஜன் உள்ளே புக அதுவே வாசல். 1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் 710 திட்டமும் ஆர்கோன் ஆய்வகமும் இந்த எரிபொருளோடுதான் மல்லுக்கட்டின.

சட்டை போடுவது இப்படி: உலைக்குள் வாயு ஓட்டத்தில் துகள்களை மிதக்கவிட்டு, டங்ஸ்டன் சேர்மத்தின் ஆவியை ஹைட்ரஜனோடு வினைபுரியவைத்தால், டங்ஸ்டன் துகள்மேல் படியும். அந்தச் சேர்மமாக, வசதிக்காக டங்ஸ்டன் ஹெக்ஸாஃப்ளோரைடைப் பிடித்துக்கொள்வது முதல் தவறு. 17 டிகிரியிலேயே கொதிப்பதால் கையாள்வது எளிது. ஆனால் வினையில் வெளிவரும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு ஆக்சைடையே அரிக்கும். பூச்சில் தங்கிய ஃப்ளோரின், சூடேறும்போது குமிழியாகும். ஹெக்ஸாகுளோரைடு திண்மம். சூடாக்கி ஆவியாக்க வேண்டிய தொல்லை உண்டு, இருந்தாலும் அதுவே மேல்.

குளோரைடுக்கு ஈரம் ஆகாது. கருநீலப் படிகங்களுக்கு நடுவே சிவப்பு ஊசிகள் தெரிந்தால் அது ஆக்சிகுளோரைடு; உலைக்குள் போனால் பூச்சில் ஆக்சிஜன் புகும். அது குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். எனவே ஆர்கானை ஓடவிட்டு மெதுவாகச் சூடேற்றி, முதலில் வருவதை மாற்றுவழியில் கழித்துவிடுங்கள். ஆவி போகும் குழாய் முழுவதும் ஆவியாக்கியைவிடச் சூடாக இருக்கட்டும். ஒரேயொரு இணைப்பு குளிர்ந்தாலும் அங்கே அடைத்துக்கொள்ளும்.

அதிகம் பேர் சறுக்குவது வாயு ஓட்டத்தில். தொடக்கத்தில் துகள்கள் கொதிநீர்போல் அழகாகத் துள்ளுவதைப் பார்த்து அப்படியே விட்டுவிடுவார்கள். 200 மைக்ரான் துகளில் கன அளவில் 60 சதவீதம் ஆக்சைடு வேண்டுமென்றால் பூச்சு சுமார் 18.5 மைக்ரான். அதற்குள் துகளின் எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். மிதக்கவைக்கும் குறைந்தபட்ச வேகமும் ஏறத்தாழ 1.8 மடங்காகும். ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகாவிட்டால் மிதக்கும் துகள் படுகை அமர்ந்து, துகள்கள் கொத்தாக ஒட்டும். பிரித்தெடுத்தால் ஒட்டிய இடத்தில் ஆக்சைடு பல்லிளிக்கும். ஆர்கானில் பார்த்துவைத்த அளவும் உதவாது. ஹைட்ரஜனின் பாகுத்தன்மை குறைவு, சுமார் இரண்டரை மடங்கு வேகம் தேவைப்படும். ஒத்திகைக்கு யுரேனியம் டைஆக்சைடுக்குப் பதில் சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) எடுத்தாலும் இதே ஏமாற்றம்தான். அதன் அடர்த்தி 6-ஐ ஒட்டியது, யுரேனியம் டைஆக்சைடுக்கோ 10.97. ஹாஃப்னியா, அதாவது ஹாஃப்னியம் ஆக்சைடு (9.7), பரவாயில்லை.

சல்லடையில் சோம்பல் வேண்டாம். 100 மைக்ரான் துகள் கலந்திருந்தால், அதே தடிமன் பூச்சில் அதன் ஆக்சைடு பங்கு 39 சதவீதமாக இறங்கிவிடும்.

கடைசியில் நுண்ணோக்கியில் நாலு வெட்டுமுகத்தைப் பார்த்துத் தேர்ச்சி போடாதீர்கள். ஒரு மாதிரியைச் சூடான நைட்ரிக் அமிலத்தில் போட்டு, கரைசலில் யுரேனியத்தை அளந்து பாருங்கள். டங்ஸ்டன் தாக்குப்பிடிக்கும், விரிசல் வழியே அமிலம் தொட்ட ஆக்சைடு கரைந்து வந்துவிடும்.