மாணவி உங்களை நம்பிச் சொல்ல வந்தால்: கல்லூரி ஊழியர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பாலியல் தொல்லைக்கு ஆளான மாணவி இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவிடம் நேராகப் போவது அபூர்வம். வகுப்பில் கொஞ்சம் கனிவாகப் பேசும் ஆசிரியர், தினமும் பார்க்கும் நூலக அக்கா, விடுதி வார்டன், லேப் அசிஸ்டென்ட் என்று பழகிய ஒருவரிடம்தான் முதலில் வாய் திறப்பாள். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். முதல் பத்து நிமிடம் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான், இதை மேலே கொண்டுபோவதா, இத்தோடு விட்டுவிடுவதா என்று அவள் முடிவு செய்வாள்.

புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள், கௌரவ விரிவுரையாளர்கள், அலுவலக, விடுதி ஊழியர்கள் ஆகியோருக்காகத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மாணவி என்றே எழுதிப் போகிறேன். மாணவருக்கும் திருநருக்கும் இதே படிகள்தான். எல்லாப் பாலின மாணவர்கள் மீதான வன்முறையிலும் கல்லூரி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறை சொல்கிறது. ஒரு பையன் வந்து சொன்னால் தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்பதும், பாதுகாப்பைப் பார்ப்பதும், வழிகளைச் சொல்வதும் உங்கள் வேலை. விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. அடுத்து என்ன என்ற முடிவு அவள் கையை விட்டுப் போகக் கூடாது.

யாரும் வருவதற்கு முன்பே

உங்கள் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் (எல்லோரும் ஐ.சி.சி. என்பார்கள்) யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள். தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண் ஆசிரியராக இருக்க வேண்டும். ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத ஊழியர் இருவர், வெளியிலிருந்து ஒருவர், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உறுப்பினராக இருக்கவே கூடாது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் பட்டியலில் ஓய்வு பெற்றுப் போனவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். உறுப்பினர் ஒருவருடைய எண்ணாவது உங்கள் போனில் இருக்கட்டும்.

அதோடு 181 (பெண்கள் உதவி எண்), 112 (அவசர உதவி), 1098 (குழந்தைகளுக்கு), 14416 (டெலி மானஸ் மனநல ஆலோசனை) ஆகியவற்றையும் சேமித்துக்கொள்ளுங்கள்.

படி 1: வருவதை அடையாளம் காணுங்கள்

"எனக்குப் பாலியல் தொல்லை நடந்தது" என்று தொடங்கும் மாணவி மிகக் குறைவு. "மேடம், லேப் பேட்ச் மாத்தித் தர முடியுமா?" "சார், கைடை மாத்தணும்னா என்ன பண்ணணும்?" "மிஸ், ஹாஸ்டல் காலி பண்ணலாம்னு இருக்கேன்." இப்படித்தான் வரும். பிஎச்.டி. மாணவி கைடை மாற்றக் கேட்கிறாள் என்றால் அது சாதாரணக் கோரிக்கை இல்லை. சில வருட உழைப்பையே பணயம் வைத்துக் கேட்கிறாள். விண்ணப்பப் படிவத்தை நீட்டுவதற்கு முன், "சரிம்மா, பார்க்கலாம். ஏதாவது கஷ்டமா இருக்கா? சொல்லணும்னு தோணினா சொல்லு, இல்லன்னாலும் பரவாயில்ல" என்று மட்டும் கேளுங்கள். அன்றைக்குச் சொல்லாவிட்டாலும், கேட்டவர் ஒருவர் இருக்கிறார் என்பது அவளுக்கு நினைவிருக்கும்.

படி 2: இடம்

ஸ்டாஃப் ரூமில் பத்துப் பேர் நடுவே வேண்டாம். தனியாக உட்காரும் இடம் பாருங்கள். "கதவை மூடட்டுமா, திறந்தே இருக்கட்டுமா?" என்று அவளிடமே கேளுங்கள். நீங்கள் ஆண் ஆசிரியர் என்றால், பதற்றத்தில் "லேடி ஸ்டாஃப்கிட்ட போய்ச் சொல்லு" என்று அனுப்பிவிடாதீர்கள். யோசித்துத்தான் உங்களைத் தேடி வந்திருக்கிறாள். கூட யாராவது இருக்க வேண்டுமா என்று கேளுங்கள். அவள் வேண்டும் என்றால் மட்டும் அழையுங்கள்.

படி 3: கொடுக்கக் கூடாத வாக்குறுதி

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், தைரியமா சொல்லு" என்பது நல்ல மனதில் வரும் வார்த்தைதான். ஆனால் சில சமயம் காப்பாற்ற முடியாத வாக்கு அது. முதலாமாண்டு மாணவிகளிலும் பாலிடெக்னிக் மாணவிகளிலும் 18 வயது நிரம்பாதவர்கள் உண்டு. அவர்கள் மீதான பாலியல் குற்றம் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் வரும். தெரிந்துகொண்டவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்கோ சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், சில சமயம் இரண்டும். "பிரின்சிபால்கிட்ட சொல்லிட்டேன்" என்பது அந்தச் சட்டக் கடமையை நிறைவேற்றியதாகாது.

அதனால் அவள் முழுதாகச் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே இப்படிச் சொல்லிவிடுங்கள்: "உன்னைக் கேட்காம இதை யார்கிட்டயும் கொண்டு போக மாட்டேன். ஆனா உனக்கு 18 ஆகலைன்னாலோ, உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சாலோ நான் சொல்லியாகணும். அப்பவும் முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." கேட்டுவிட்டு அவள் நிறுத்திக்கொண்டால் வற்புறுத்தாதீர்கள். 181, 1098 எண்களைக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

படி 4: கேளுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான படி. ஆசிரியர்களான நமக்குக் கேள்வி கேட்டே பழக்கம். இங்கே அந்தப் பழக்கத்தை ஓரமாக வைக்க வேண்டும்.

"ஏன் அப்பவே சொல்லல?" "அந்த நேரத்துல அங்க எதுக்குப் போன?" "நீ ஏதாவது பேசினியா?" இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அவள் காதில் ஒரே அர்த்தம்தான்: தப்பு உன்மேல். தேதி மாறிப் போகலாம், நடந்ததை முன்னும் பின்னுமாகச் சொல்லலாம், அழாமல் கல் மாதிரி உட்கார்ந்திருக்கலாம், சிரிக்கக்கூடச் செய்யலாம். அதிர்ச்சியில் இருப்பவர்கள் இப்படியெல்லாம் இருப்பார்கள். இதை வைத்துப் பொய் என்றோ மெய் என்றோ எடை போட உங்களை யாரும் கேட்கவில்லை.

உண்மையில் நீங்கள் கேட்க வேண்டியவை மூன்றுதான். இப்போது பாதுகாப்பாக இருக்கிறாயா? இன்று ராத்திரி எங்கே தங்கப் போகிறாய்? டாக்டரைப் பார்க்க வேண்டுமா? சொல்ல வேண்டியவையும் கொஞ்சம்தான். "என்கிட்ட சொன்னது நல்லதும்மா." "இது உன் தப்பு இல்ல." "இப்ப உனக்கு என்ன வேணும்?"

துருவிக் கேட்காமல் இருக்க நடைமுறைக் காரணமும் உண்டு. நீங்கள் ஒரு முறை, துறைத்தலைவர் ஒரு முறை, முதல்வர் ஒரு முறை என்று ஆளாளுக்குக் கேட்டு எழுதி வைத்தால், ஒரே சம்பவத்துக்கு நாலு வடிவம் உண்டாகும். பிறகு விசாரணையில் அந்தச் சின்ன முரண்களையே பிடித்துக்கொண்டு அவளை மடக்குவார்கள்.

அப்புறம், பெற்றோர் விஷயம். நம் கல்லூரிகளில் எது நடந்தாலும் முதல் வேலை அப்பாவுக்கு போன் போடுவது. 18 வயது நிரம்பிய மாணவி விஷயத்தில், அவளைக் கேட்காமல் அதைச் செய்யவே செய்யாதீர்கள். எத்தனையோ வீடுகளில் அந்த ஒரு போனுக்கு அடுத்து நடப்பது பெட்டி படுக்கையோடு ஊருக்கு அழைத்துப் போவதும், அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பதும்தான். தொல்லை கொடுத்தவன் பட்டம் வாங்குவான். இவள் படிப்பு பாதியில் நிற்கும். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு இந்த பயம் இன்னும் பெரிது. வீட்டில் யாரிடம் சொல்லலாம், எப்போது சொல்லலாம் என்று அவளுக்குத் தெரியும். அக்காவிடமோ சித்தியிடமோ முதலில் சொல்ல விரும்பலாம். அதற்கு உதவி கேட்டால் செய்யுங்கள்.

"பேர் கெட்டுடும்", "இன்னும் ஒரு செமஸ்டர்தானே, பல்லைக் கடிச்சுக்கோ" என்ற அறிவுரைகளையும் அடியோடு தவிர்த்துவிடுங்கள்.

படி 5: சமீபத்தில் நடந்த வன்கொடுமை என்றால்

மருத்துவம் முதலில். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் வன்புணர்வுக்கு ஆளானவருக்கு உடனடியாக இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். எஃப்.ஐ.ஆர். கொண்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முடிந்தால் குளிக்காமல் போவது, அன்றைய துணிகளைக் காகிதப் பையில் எடுத்துப் போவது சாட்சியத்துக்கு உதவும். குளித்துவிட்டாள், துவைத்துவிட்டாள் என்றாலும் போகலாம், சிகிச்சை சிகிச்சைதானே.

ஒன்றை மறைக்காதீர்கள்: மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தரக் கடமைப்பட்டது. அதைக் கிளம்பும் முன்பே அவளிடம் சொல்லுங்கள். பரிசோதனைக்குச் சம்மதிப்பதும் மறுப்பதும் அவள் உரிமை. பிறப்புறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் மீண்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

தொல்லை போன் வழியாக வந்திருந்தால், மெசேஜ்களை அழிக்க வேண்டாம், எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவள் போனிலேயே இருக்கட்டும், உங்களுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். அந்தரங்கப் படம் எதுவும் உங்கள் போனுக்கு வரவே கூடாது.

படி 6: வழிகளைச் சொல்லுங்கள், தள்ளாதீர்கள்

ஐ.சி.சி.க்குப் போகலாம், போலீசுக்குப் போகலாம், இரண்டுக்கும் போகலாம், இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்றும் இருக்கலாம்.

ஐ.சி.சி. என்றால் கெடு உண்டு. கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. புகார் நகல் எதிர்த்தரப்புக்கு 7 நாளில் போகும். அவர் 10 நாளில் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். தொல்லை கொடுத்தவர் பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரியவரும் என்பதை அவள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

மாணவிகளுக்குப் பெரும்பாலும் தெரியாதது இடைக்கால நிவாரணம். விசாரணை முடியும்வரை அந்த ஆசிரியர் அவள் தேர்வுத்தாளையோ ஆய்வையோ மதிப்பிடாமல் தடுக்கலாம், விலகி இருக்கும்படி எச்சரிக்கலாம், அவளுக்கு மூன்று மாதம் வரை விடுப்பும் தரலாம். "இன்டர்னல் மார்க்கில் கை வெச்சிடுவாரு" என்ற பயத்துக்கு இதுதான் பதில். "நிரூபிக்க முடியலைன்னா என்மேலயே ஆக்‌ஷன் எடுப்பாங்களா?" என்றும் கேட்பாள். நிரூபிக்க முடியாமல் போனதற்காக மட்டும் யார்மீதும் நடவடிக்கை எடுக்க முடியாது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது.

போலீஸ் என்றால், சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம். மூன்று மாதக் கெடு அங்கே பொருந்தாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவியை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு தரும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராகவும் எதிர்த்தரப்பு அப்படி இல்லாதவராகவும் இருந்தால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தக்கூடும். வழக்கறிஞரிடம் அதையும் கேட்கச் சொல்லுங்கள்.

நம் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது: துறைத்தலைவர் அறையில் இருவரையும் உட்கார வைத்து, "சாரி சொல்லிடுப்பா, நீயும் விட்டுடும்மா" என்று முடித்து வைப்பது. இது கட்டப்பஞ்சாயத்து. சமரசம் வேண்டும் என்று அவளே கேட்டால் மட்டும், அதுவும் குழுவின் மூலமாக மட்டும், பணம் எதுவும் கைமாறாமல் நடக்கலாம். வேறு எந்தச் சமரசத்துக்கும் சட்டத்தில் இடமில்லை. அந்த அறைக்கு உங்களைச் சாட்சியாகக் கூப்பிட்டால் போகாதீர்கள், விஷயம் ஐ.சி.சி.க்குப் போக வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

முறை தவறினால் புகார் கொடுத்தவருக்கும் நஷ்டம்தான். கோவா பல்கலைக்கழகத் துறைத்தலைவர் ஒருவர் மீது மாணவிகள் கொடுத்த புகாரில், குழு அவசர அவசரமாக விசாரித்து அவருக்குப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் பணிநீக்கத்தை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2009-ல் கொடுத்த புகார் அது. அத்தனை வருடம் கழித்து, அந்த மாணவிகளுக்கு மறுபடியும் விசாரணை.

படி 7: குறிப்பும் ரகசியமும்

அவள் போன பிறகு, தேதி, நேரம், அவள் சொன்ன வார்த்தைகள், நீங்கள் சொன்னவை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டுப் பூட்டி வையுங்கள். உங்கள் ஊகங்களை எழுதாதீர்கள். துறை வாட்ஸ்அப் குழு, பொது மின்னஞ்சல் பக்கமே போக வேண்டாம். "செகண்ட் இயர்ல ஒரு பொண்ணு, திருச்சிப் பக்கம்" என்று பெயர் சொல்லாமல் சொன்னாலும், கேட்பவருக்கு அரை மணி நேரத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த கொடுமையில், மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. கசிந்த பெயரைத் திரும்ப எடுக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.

குற்றம் சாட்டப்பட்டவர் உங்கள் நண்பராக இருந்தாலும் அவரிடம் ஜாடையாகக்கூடச் சொல்லாதீர்கள். அது எச்சரிக்கை மணி அடிப்பதாகிவிடும்.

படி 8: அதற்குப் பிறகு

வகுப்பில் அவளை எப்போதும் போல நடத்துங்கள். ஒரு வாரம் கழித்து, யாரும் இல்லாதபோது, "எப்படி இருக்க?" என்று ஒரு வார்த்தை. வருகைப்பதிவு, அசைன்மென்ட் கெடு இவற்றில் உங்களால் செய்ய முடிந்த சலுகையை, காரணத்தை யாரிடமும் விளக்காமல் செய்து கொடுங்கள். இதையெல்லாம் கேட்டு உங்களுக்கே தூக்கம் வராவிட்டால் 14416-ஐ நீங்களும் அழைக்கலாம். பெயர்களைச் சொல்லாமல் பேசலாம்.

கல்லூரியே அசையாவிட்டால்

ஐ.சி.சி. அமைக்காத நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. புகார் தாளாளர் போன்ற நிறுவனத் தலைமை மீதே என்றால், அவர் அமைத்த குழுவிடம் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். யாரை அணுகுவது என்று மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்ட வரிசையில் அவளைப் பலர் முன்னால் நிற்க வைக்க வேண்டாம். முன்பே போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். அவள் விரும்பினால் நீங்களும் கூடப் போங்கள்.