தலைகீழாக நின்ற சைக்கிள்

லேக் டிஸ்ட்ரிக்டில் ஒரு வாரம் கேம்பர் வேன் பயணம்: காலையில் வின்லேட்டர் காட்டில் மவுண்டன் பைக், மதியம் கிரம்மாக் வாட்டர் ஏரியில் நீச்சல். சைக்கிள் ஓட்டப் போன முதல் காலையே, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பின் டிஸ்க் பிரேக் காலை வாரியது. லீவர் கைப்பிடியைத் தொடும்வரை போகிறது, பிடிப்பே இல்லை.

சக்கரத்தோடு சுழலும் தகட்டை (டிஸ்க்) இறுக்கிப் பிடிக்கும் பேடை மாற்றினேன். டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடைத்தேன். குழாய் நெடுகக் கசிவு தேடினேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. இதிலேயே நான்கு நாள் போயிற்று.

துப்பு ஏரிக்கரையில் கிடைத்தது. நீந்தி வந்து, இரண்டு மணி நேரம் மரத்தில் சாய்ந்து நின்ற சைக்கிளின் லீவரை நாலைந்து முறை அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது! அப்போதுதான் உறைத்தது: வேனில் இடம் மிச்சம் பிடிக்க, இரவில் அதைத் தலைகீழாக நிறுத்தியிருந்தேன். லீவரின் எண்ணெய்த் தொட்டியில் தங்கியிருந்த கொஞ்சம் காற்று, மேலே போய்விட்ட காலிப்பருக்குள் (சக்கரத்தருகே பேடுகளை அழுத்தும் பகுதி) ஏறியிருக்கிறது.

சைக்கிளை நிமிர்த்தி, லீவரை ரப்பர் பேண்டால் இறுக்கி ஓர் இரவு விட்டேன். அப்புறம் லீவரில் புனல் பொருத்தி, மினரல் ஆயில் ஊற்றி, குமிழி நிற்கும்வரை குழாயைத் தட்டினேன். அப்பாடா, சரியாகிவிட்டது. இப்போது முன்சக்கரத்தைக் கழற்றி நிமிர்த்தியே ஏற்றுகிறேன். கழற்றினால் பேடுகளுக்கிடையே பிளாஸ்டிக் தகடு செருகிவிடுங்கள். லீவர் தெரியாமல் அமுங்கினால் பேடுகள் நெருங்கி, டிஸ்க் உள்ளே நுழையாது.