வீட்டுக்குத் தள்ளி ஒரு காய்கறி நிலம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுத் தோட்டத்துக்கும், சற்றுத் தள்ளி வாடகைக்கு எடுத்த துண்டு நிலத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே நீங்கள் தினமும் இருக்கமாட்டீர்கள். பாதித் தவறுகள் இதை மறப்பதால் வருகின்றன.

நிலம் கைக்கு வந்த வாரமே முழுவதையும் கொத்திப் போடாதீர்கள். கிளறிய மண்ணில் வெளிச்சம் பட்டதும், உள்ளே உறங்கிய களை விதைகள் விழித்துக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கில் மட்டும் தொடங்கி, மீதியைக் கனத்த அட்டையோ கறுப்புத் தார்ப்பாயோ போட்டு மூடிவையுங்கள். அறுகும் கோரையும் மண்டிய இடத்தில் பவர் டில்லர் ஓட்டுவது இன்னும் மோசம். அறுகின் தண்டு கணுக்கணுவாக நறுங்கி, துண்டுக்கு ஒரு செடியாகக் கிளம்பும். கோரைக்கு மூடி வைப்பதும் போதாது. மெல்லிய பாலித்தீனைக் குத்திக்கொண்டு வந்துவிடும். ஈரமாக இருக்கும்போது மண்ணை நெம்பி, கிழங்கோடு பொறுக்குங்கள். அலுப்பான வேலைதான், வேறு குறுக்கு வழி இல்லை.

பாத்தியின் அகலம் 4 அடியைத் தாண்ட வேண்டாம். இரு பக்கமிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உள்ளே கால் வைப்பீர்கள்; மிதிபட்ட மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. இடையில் ஒன்றரை அடி நடைபாதை விட்டால் போதும்.

அதிகம் சொதப்புவது தண்ணீரில்தான். போகும்போதெல்லாம் மேலாகத் தெளித்துவிட்டு வந்தால், மேல் மண் மட்டும் நனையும். வேரும் அங்கேயே தங்கி, நீங்கள் போகாத மூன்று நாளில் செடி துவண்டுவிடும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 20 லிட்டர் என்று நிதானமாகப் பாய்ச்சுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். அடியில் காய்ந்திருந்தால் போதவில்லை என்று அர்த்தம். மணற்பாங்கான மண்ணுக்கு ஒரே தடவை கொட்டாமல் பிரித்துக் கொடுங்கள். பிறகு 5 செ.மீ. கனத்துக்கு வைக்கோல் மூடாக்கு; தண்டை ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளியே இருக்கட்டும், ஒட்டினால் அழுகும். தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்துக் குழிந்தால் பலர் சுண்ணாம்பைத் தேடி ஓடுகிறார்கள். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும். ஈரம் ஒரே சீராக இல்லாததால் அது காய்வரை போய்ச் சேராது.

பச்சைச் சாணம் போடாதீர்கள், வேர் கருகும். நன்றாக மட்கி, மண்வாசனை வரும் எருதான் வேண்டும்.

முள்ளங்கிப் பாக்கெட்டை ஒரே நாளில் காலி செய்தால், ஒரு மாதத்தில் எல்லாம் சேர்ந்து முற்றிச் சக்கையாகும். 10 நாளுக்கு ஒரு வரிசை விதையுங்கள்.

பயிர்த் தேர்வும் உங்கள் வருகையைப் பொறுத்ததே. வாரம் ஒருமுறைதான் போக முடியுமென்றால் வெங்காயம், பூசணி, உருளைக்கிழங்கு பொறுத்துக்கொள்ளும். வெண்டை பொறுக்காது, இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் நார் ஓடிவிடும். அதைவிட, விதை முற்றிய காய் செடியிலேயே நின்றால் புதுப் பூ குறையும். பீன்ஸும் வெள்ளரியும் இதே ரகம். வெளியூர் போகும் வாரத்தில் பிஞ்சையும் விடாமல் பறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பாத்திக்காரரைப் பறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்கு இளங்காய், உங்கள் செடிக்கு அடுத்த பூ.