காலையில் மலை, சாயங்காலம் வெந்நீர்: கொரியாவில் ஒரு சனிக்கிழமை

பக்கத்து வீட்டுத் தங்கை ஒரு செமஸ்டர் படிக்க செப்டம்பரில் சியோல் போகிறாள். போன வாரம் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை நீட்டினாள். அரண்மனை, டவர், சீரியலில் வந்த காபிக்கடை. எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் கோத்தகிரியில் பிறந்து வளர்ந்த பெண்ணிடம் நான் சொல்ல நினைத்தது வேறு. ஒரு சனிக்கிழமையை அந்த ஊர்க்காரர்கள் கழிப்பது போலக் கழித்துப் பார், காலையில் மலை, சாயங்காலம் வெந்நீர். அங்கே நான் படித்த காலத்தில் எனக்கு ஊர் ஏக்கம் தீர்ந்தது அப்படித்தான்.

கிளம்பும் முன்பே கொரிய மொழியின் ஹங்குல் எழுத்தைப் படித்துவிடுங்கள். அரசர் செஜோங் 1443-ல் உருவாக்கி 1446-ல் வெளியிட்ட எழுத்து. அடிப்படை எழுத்துகள் 24தான். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டமாக நிற்கும் என்பதால் உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்குச் சிரமமே இல்லை. வெளிநாட்டு மாணவர்கள் பலர் திணறுகிற உயிர் ஒன்று உண்டு. நம் ‘பாட்டு’, ‘காற்று’ கடைசியில் உதடு குவியாமல் வரும் உகரம்தான் அது. எனக்கு முதல் நாளே வந்துவிட்டது.

அப்புறம் பஸ், மெட்ரோ பயணத்துக்கான டி-மணி கார்டு. கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் காட்ட வேண்டும்.

மலைக்கு புக்கான்சான் போங்கள். சியோல் நகரத்தை ஒட்டியே இருக்கும் தேசியப் பூங்கா, நுழைவுக் கட்டணம் கிடையாது. புக்கான்சான் உய் என்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். அங்கே உயரமான சிகரம் பெகுன்டே, 836 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர், கோத்தகிரியே பெகுன்டேயைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கிறது என்று அலட்சியமாகப் போகாதீர்கள். தொட்டபெட்டாவில் உச்சி வரை வண்டி போகும். இங்கே கால்தான். கடைசிப் பகுதி முழுக்க மொட்டைப் பாறை. இரும்புக் கம்பிக் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். நல்ல பிடிப்புள்ள ஷூவும், உள்ளங்கையில் ரப்பர் வைத்த கையுறையும் கட்டாயம். அக்டோபர் கடைசியில் மேப்பிள் இலை சிவக்கும்போது போனால் அழகு. ஜனவரியில் அங்கே மைனஸ் பத்துக்குக் கீழேகூடப் போகும். நம் ஊர் உறைபனிக்கு வாங்கிய ஸ்வெட்டர் அதற்குப் போதாது.

பையில் நம் ஊர் மொறுமொறு வர்க்கி எடுத்துப் போங்கள், தகர டப்பாவில் போட்டு. ஏன் என்றால், மலையில் முன்பின் தெரியாதவர்கள்கூட ‘அன்யோங்ஹாசேயோ’ என்று வணக்கம் சொல்லிக்கொண்டே போவார்கள், உட்கார்ந்த இடத்தில் சாப்பிடுவதைப் பகிர்ந்துகொள்வார்கள். கம்பிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாட்டி வெள்ளரிக்காயை இரண்டாக ஒடித்து எனக்குப் பாதி நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன், அங்கே பெரியவர்களிடம் அப்படித்தான் வாங்க வேண்டும், கொடுக்க வேண்டும். பதிலுக்கு இரண்டு வர்க்கி கொடுத்தேன். அவர் கடித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. மடியில் விழுந்த தூளை விரல் நுனியால் ஒற்றி ஒற்றிக் கடைசி வரை சாப்பிட்டார். என் வயதைக் கேட்டார். வயதைக் கேட்டால் தப்பாக நினைக்க வேண்டாம். நமக்கு அக்கா, தங்கை மாதிரி அவர்களுக்கும் வயது தெரிந்தால்தான் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியும்.

இறங்கியதும் அடிவாரக் கடைகளில் காட்டுக்கீரைகள் போட்ட பிபிம்பாப் என்ற கலந்த சோறு கிடைக்கும். இறைச்சி வேண்டாம் என்றால் ‘கோகி பே ஜுசேயோ’ என்று சொல்லுங்கள், இறைச்சி போடாமல் தருவார்கள்.

இனி ஜிம்ஜில்பாங். பொதுக் குளியலும் சூட்டறைகளும் சேர்ந்த இடம். நம் பெண்கள் தயங்கி நிற்பது இங்கேதான், அதனால் விவரமாகவே சொல்கிறேன். கவுண்டரில் பணம் கட்டினால் துண்டும், டீசர்ட்டும், அரைக்கால்சட்டையும் தருவார்கள். செருப்பை வாசல் பெட்டியில் பூட்ட வேண்டும். உடை மாற்றும் இடமும் குளிக்கும் இடமும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் முழுக்கத் தனித்தனி. குளிக்கும் இடத்தில் யாரும் துணி உடுத்துவதில்லை. போனும் உள்ளே கூடாது. முதல் ஐந்து நிமிடம் கூச்சமாக இருக்கும். பிறகு தெரியும், பேத்திக்கு முதுகு தேய்க்கும் பாட்டி, அம்மாவும் மகளுமாக வந்தவர்கள், யாரும் உங்களைப் பார்ப்பதே இல்லை.

தொட்டியில் இறங்கும் முன், குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட வேண்டும். இது தெரியாமல் நான் நேராகத் தொட்டிக்குப் போனேன். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் குழாயடியில் கொண்டுபோய் உட்கார வைத்தார். கோபப்படவில்லை. ‘இத்தாலி துண்டு’ என்று ஒரு சொரசொரப்பான பச்சைத் துணி இருக்கும். வெந்நீரில் ஊறிய பிறகு அதால் தேய்த்தால், நம் பீர்க்கங்காய் நார் தோற்றுப்போகும்.

பிறகு அவர்கள் தந்த உடையைப் போட்டுக்கொண்டு பொதுக்கூடத்துக்கு வாருங்கள். குளியலே வேண்டாம் என்றால் உடை மாற்றிக்கொண்டு நேராக இங்கே வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். செம்மண் அறை, உப்பு அறை, பனி அறை என்று இருக்கும். சூட்டறையில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். சுட்ட முட்டையும், சோறு மிதக்கும் சிக்ஹே என்ற இனிப்புப் பானமும் வாங்கிக்கொண்டு தரையில் படுங்கள். தரையே கதகதப்பாக இருக்கும். அந்தக் காலத்தில் அடுப்புப் புகையைத் தரைக் கல்லுக்கு அடியில் செலுத்தி வீட்டைச் சூடாக்கினார்கள். ஒண்டோல் என்று பெயர். மழைக்காலத்தில் எங்கள் பாட்டி கணப்புச் சட்டியை ஒட்டிச் சுருண்டு படுப்பது போல நானும் படுத்தேன், மலை ஏறிய கால்வலி முழங்காலிலிருந்து மெல்ல இறங்கியது.

உள்ளே வாங்கியதை எல்லாம் பெரும்பாலும் உங்கள் பெட்டிச் சாவியின் எண்ணில் எழுதிக்கொள்வார்கள், வெளியே வரும்போது மொத்தமாகக் கட்டலாம். நள்ளிரவை ஒட்டி மெட்ரோ நின்றுவிடும், கடைசி வண்டி நேரத்தை முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.